கை எட்டும் இடத்தில் குழாய்

போன வாரம் எங்கள் பாத்ரூமில் பிளம்பர் காதர் பாய் பைப் பசை டப்பாவைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்து, "காபி போடட்டாடி?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. ஷிஃப்ட் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவாயே, அப்போது உன் துப்பட்டாவில் ஒரு வாசனை இருக்கும். மூக்கில் ஏறி நெற்றியில் போய் நிற்கும். உன் கம்பெனி லேபின் வாசனை. அதுவேதான் அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளும் இருந்தது. காதர் பாய் பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்மளயா கேட்ட, தங்கச்சி? போடு. சக்கரை மட்டும் கம்மியா" என்றார். கூடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமா என்னைப் பார்த்தார். என் மாமனார் எதையும் ஒரு சொல் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நாலு வீடு தள்ளி இருந்தவளுக்கு இதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. இன்று எழுத வருகிறது. இன்று பாப்பாவைத் தண்ணீரில் இறக்கினேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பயம் ஓர் ஒழுங்குக்கு வருகிறது.

பாப்பா பிறந்தவுடன் அழவில்லை. அதிலிருந்துதான் எல்லாம். மூன்று வயது முடிந்தும் உட்கார வைத்தால் சாய்கிறாள். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக் கிடக்கின்றன. திருவள்ளூரில் பிசியோதெரபி பார்க்கிற அம்மா, "தினமும் அரை மணி நேரம் இளஞ்சூட்டுத் தண்ணில கழுத்து வரைக்கும் ஊற வைங்க. தசை இளகும், அப்புறம் கால நீட்டிப் பழக்கலாம்" என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் நீ உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு வந்தாய். எனக்கோ அவர்கள் சொன்னதில் 'கழுத்து வரைக்கும்' என்பது மட்டும்தான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாப்பாவுக்கு நம்மைப் போல உடனே கத்த வராது. சூடு பட்டால் அவள் முகம் சுருங்கி, வாய் திறந்து, சத்தம் வெளியே வருவதற்கு நேரம் பிடிக்கும். காலை இழுத்துக்கொள்ளவும் அவளால் முடியாது. தண்ணீருக்குள் முகம் போனால் சத்தமே வராது.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் மில்லிலிருந்து வரும்போது, பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். நம் ஊரில் அந்த டிரம் இல்லாத வீடு ஏது? தொழிற்பேட்டைக் கெமிக்கல் கம்பெனிகளில் காலியானதும் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். வாங்கிக் கழுவிக் குடிதண்ணீர் பிடித்து வைப்போம், அரிசி கொட்டி வைப்போம். நானும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தேன். நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரம்முக்குள் தலையை விட்டாய்.

"யாரு வாங்கியாந்தது?"

"அவருதான். நல்லா கழுவிட்டேன்டி."

"இன்னாத்த கழுவுன? இந்த பிளாஸ்டிக்கு மருந்தக் குடிச்சு வெச்சிருக்கும். சுடுதண்ணி ஊத்துனா திரும்பக் கக்கும். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கினு நாள்பூரா நான் இதத்தான்டி பாத்துக்கினு கீறேன். இதுலயா புள்ளைய ஊறப் போடப்போற?"

மாமா வாசலுக்கு வந்தார். "நாங்க எத்தினி வருசமா இதுலதான் தண்ணி குடிக்கிறோம். செத்தா பூட்டோம்?"

"பெரியப்பா, உங்களுக்கு இன்னா ஆவப்போவுது? உங்களோட சேந்தா டிரம்முதான் சாவும்."

மாமா சிரித்துவிட்டார். நீ டிரம்மைக் காலால் உருட்டித் தெருவுக்குக் கொண்டுபோனாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் அவளை அதில் உட்கார வைக்க நான் வெந்நீர் போட்டு வைத்திருந்தேன். நீ ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"பாத்ரூம் மூலையில செங்கல் வெச்சு ஒரு தொட்டியா கட்டிடுங்க" என்று சொன்னவள் நீதான். அவருக்குப் பிடித்திருந்தது. மாமாதான், "ஊட்டுக்குள்ள தொட்டி கட்டுனா அப்பால மாடும் வாங்கணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியுமா? பாத்ரூம் தரையில் செங்கல் துண்டால் தொட்டியின் நிஜ அளவுக்கே கோடு கிழித்தாய். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு அந்தக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டாய்.

"நான்தான் பாப்பா. குளிப்பாட்டு."

"எழுந்திருடி, தரையெல்லாம் செங்கத்தூளு."

"பாப்பா பேசாது. குளிப்பாட்டுறியா, இல்ல இன்னா?"

முட்டி போட்டு உட்கார்ந்து இடது கையை உன் கழுத்துக்குக் கீழே கொடுத்தேன். தலையை அப்படியே என் கைமேல் போட்டாய். எவ்வளவு கனம்! "இப்ப கண்ண மூடு. வெந்நி ஆறிப்போச்சு. கொழாயத் தொற" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினேன். கால்மாட்டுச் சுவரை நோக்கித்தான் கை போயிற்று, எல்லார் வீட்டிலும் குழாய் அங்கேதான் இருக்கிறது. எட்டவில்லை. எட்டிப் பிடிக்கப் போனால் உன் தலை என் கையிலிருந்து நழுவியது.

"ஆங், செத்தேன்" என்றாய் கண்ணைத் திறக்காமல். பிறகு என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், தொட்டியின் அகல விளிம்பு வரப்போகிற இடத்தைத் தட்டிக் காட்டினாய். "கை தானா எங்க வுழுதோ அங்கதான் கொழாயி. இந்த இடது கை எப்பவும் அவ கழுத்துல. அத கணக்குலயே சேக்காத. உனக்குக் கை ஒண்ணுதான்."

நான் அழுதேன். அவர் இருந்திருந்தால் பயப்படாதே என்று சொல்லியிருப்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குப் பயம்னு ஒண்ணொண்ணா சொல்லு. அதுக்கு ஒரு எடம் போடலாம்" என்றாய்.

தலை மூழ்கிவிடும் என்றேன். தோளுக்கு மேல் தண்ணீர் ஏறாதபடி சுவரில் ஓர் ஓட்டை வந்தது. தண்ணீரை உடனே வடிக்க வேண்டியிருந்தால் என்றேன். வடிகால் மூடியின் சங்கிலி வலப்பக்கத்துக்கு வந்தது. கீசரில் ஷாக் அடித்தால் என்றேன். சுவிட்ச் கதவுக்கு வெளியே போயிற்று. முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகுதான் குழந்தை. அவள் தானாக உருண்டு வந்து விழுந்துவிட்டால் என்றேன். கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள். எல்லாவற்றிலும் பெரிய பயத்தைக் கடைசியில்தான் சொன்னேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஆறும். அவள் உள்ளே இருக்கும்போதே வெந்நீர் கலக்க வேண்டும். அப்போது பச்சைத் தண்ணீர் நின்றுபோய் வெந்நீர் மட்டும் வந்தால்?

நீ எழுந்து உட்கார்ந்தாய். அதுவரை இருந்த விளையாட்டு முகம் போய்விட்டது. மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "பச்சத்தண்ணிக்கு மாடித் தொட்டிலேர்ந்து தனியா ஒரு பைப் இறக்கணும். இந்தக் கொழாய்க்குன்னே. வேற எதுலயும் சேக்கக்கூடாது. நான் நின்னு பாத்துக்கறேன், நீ பேஜாராவாத" என்றாய்.

நீ நின்று பார்க்கவில்லை. அதற்குள் பைபாஸைக் கடக்கும்போது அந்த லாரி வந்துவிட்டது.

உன்னைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். என் இடது கை தானாக உன் கழுத்துக்குக் கீழே போயிற்று. யாரோ ஒரு பெரியம்மா, "தொடாத கண்ணு" என்று என் கையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். என் வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் நின்று பார்த்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. தரையில் நீ கிழித்த கோட்டின்மேல் கலவையைக் கொட்டினார்கள், அதை மட்டும் பார்த்தேன். காதர் பாய், "கொழாய எங்க வெக்கட்டும்?" என்று அவரைக் கேட்டிருக்கிறார். "எங்க சுலுவோ அங்க வைங்க, பாய்" என்று அவர் சொல்லியிருக்கிறார். சுலுவான இடம் கால்மாட்டுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. அடுப்படிக்குப் போகிற குழாயிலிருந்தே ஒரு கிளை பிரித்துப் பச்சைத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் சுவருக்குள். மேலே பூச்சும் பூசியாகிவிட்டது.

டைல்ஸ் ஒட்டும் ஆள் வருவதற்கு முந்தின நாள், தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கப் போனேன். இரண்டு குழாயையும் திறந்து, இதமாக வந்ததும் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் மாமா சொம்பில் தண்ணீர் பிடித்தார். பச்சைத் தண்ணீர் அத்தனையும் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. இங்கே கொதிக்கிற தண்ணீர் மட்டும் என் மணிக்கட்டில் விழுந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு இழுத்துக்கொள்ள முடிந்தது.

அவர் வந்ததும் சொன்னேன்.

"ரெண்டு கொழாயும் பாத்துத் தொறந்தா போவுது" என்றார். "ஓட்டல்ல எல்லாம் இப்படித்தான் வெக்கிறான். எத எடுத்தாலும் உனக்குப் பயமா? பூசுன செவுத்த ஒடைக்கச் சொல்றியே, இன்னா நெனச்சிக்கினு கீற?"

"அவ சொன்னதுங்க. தனியா பைப்பு வெக்கணும்னு..."

உன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் முகம் இளகிவிட்டது. அதுதான் மோசமாகப் போயிற்று. "அந்தத் துக்கத்துலதான் உனக்கு இப்படியெல்லாம் தோணுது" என்று சொல்லி என் தலையைத் தடவினார். நான் சொன்ன வெந்நீர் அவருக்கு என் அழுகையோடு சேர்ந்த ஒன்றாகிவிட்டது. அதற்குமேல் எப்படிப் பேசுவது? நீ இருந்திருந்தால் மாமாவை ஒரு வார்த்தை, அவரை ஒரு வார்த்தை சொல்லி, சிரிக்க வைத்தே சுவரை உடைத்திருப்பாய். எனக்கு அந்த வாய் இல்லை. எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

காலையில் அவர் நாஷ்டா முடித்ததும் பாத்ரூமுக்குக் கூப்பிட்டேன். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்.

"இதப் புடிங்க. பாப்பாவப் புடிக்கிற மாதிரி. இடது கைல."

"இன்னா இது, காலங்காத்தால?"

"புடிங்களேன்."

கூடத்திலிருந்து மாமா, "மாடு வாங்கல, கொடத்தயாவது குளிப்பாட்டட்டும், வுடு" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே முட்டி போட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டார். குழாயைத் திறக்கச் சொன்னேன். கால்மாட்டுக்கு எட்டியெட்டித் திறந்தார். குடம் சாய்ந்தது. "இருக்கு, இருக்கு" என்று சமாளித்துக்கொண்டார். தண்ணீர் இதமாக வந்தது. "பாரு, ஒண்ணும் ஆவல" என்று வலது கையை அதில் காட்டினார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்தேன்.

அவர் போட்ட சத்தத்தில் மாமா பேப்பரோடு ஓடிவந்தார். நானும் ஓடினேன். வலது கையை உதறிக்கொண்டிருந்தார், பெரிய காயம் ஒன்றுமில்லை. ஆனால் குடத்தைக் கீழே விட்டிருந்தார். தொட்டிக்குள் அது வாய் குப்புறக் கிடந்தது. குழாய் இன்னும் அதன்மேல் ஆவி பறக்க ஊற்றிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குழாயை மூடினார். குடத்தை இரண்டு கையாலும் மெதுவாக நிமிர்த்தி வைத்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, யாரையும் கேட்காமல், கால்மாட்டுச் சுவரில் முதல் அடியை அவரே அடித்தார்.

காதர் பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக்கூடாதா, தங்கச்சி? பூசுன செவுரு. ஒடைக்க மனசே வரலயே." ஆனாலும் மாடியிலிருந்து தனிக் குழாய் இறக்கினார். நீ சொன்னபடியே, வேறு எதிலும் சேர்க்காமல். இரண்டு குழாயையும் நீ தட்டிக் காட்டிய விளிம்புக்கே மாற்றினார். அன்றுதான் அந்தப் பசை டப்பா.

இனி இன்றைக்கு வருகிறேன். தான் வீட்டில் இருக்கும்போது ஆரம்பிக்கலாம் என்று அவர் சொன்னார். நான்தான், வேண்டாம், நீங்கள் பகல் ஷிஃப்டுக்குப் போய் வாருங்கள் என்றேன். பக்கத்தில் நின்றால் அவரும் பயப்படுவார், இப்போது அவருக்கும் பயம் வந்துவிட்டது. இரண்டு பேர் பயத்தை என்னால் தாங்க முடியாது.

நிரப்பினேன். சுவிட்சை அணைத்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழைய நைட்டியோடு விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டு, பாப்பாவை இறக்கினேன். அவள் என் கழுத்துப் பக்கத் துணியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. தண்ணீர் தோள் வரை வந்து, ஓட்டை வழியாகப் போக ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆறிற்று. இடது கையை எடுக்காமல் வலது கையால் இரண்டு குழாயையும் திறந்தேன். எட்டியது. சரியாக அந்த நேரத்தில் அடுப்படியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மாமா பாத்திரம் கழுவுகிறாரா, சோதித்துப் பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. குழாய்க்கு அடியில் என் கையை வைத்து மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுடட்டும், முதலில் என்னைச் சுடட்டும் என்று. அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் கையில் விழுந்தது மாறவே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். பாப்பாவின் வலது கால் இடது காலைவிட்டு இறங்கியிருந்தது. யாரும் பிடித்து இழுக்காமல், தானாக இறங்கி, தண்ணீரில் மிதந்து போய், குதிகால் டைல்ஸைத் தொட்டது. அவள் ஒரு சத்தம் போட்டாள். அழுகை இல்லை.

இங்கே முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இறுகிக் கிடந்தவரை அவளைக் கட்டை போலத் தூக்கிவிடுவேன். இளகியதும் அவள் அப்படிக் கனக்கிறாள், கையிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிகிறாள். தரை ஈரம். விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே வைத்தால் வழுக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பிடிக்கக் கையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை யோசித்தோம்! குழந்தையை வெளியே எடுப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. நீ கோட்டுக்குள் படுத்திருந்தாய். முடிந்ததும் நீயாகவே எழுந்து தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாய்.

அவளை அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டில் மாமா மட்டும்தான். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாலே அவர் வாசல் வழியாகச் சுற்றிப் போகிறவர். நைட்டி முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடுவதா வேண்டாமா என்று நினைக்கும்போதே அவள் என் கையில் கொஞ்சம் வழுக்கினாள்.

"மாமா!"

கதவுக்கு வெளியே, திரும்பி நின்றுகொண்டுதான் கேட்டார். "இன்னாம்மா?"

"வந்து பாப்பாவ வாங்கிக்கோங்க. என்னால எழுந்திருக்க முடியல."

கொடியிலிருந்து துண்டை உருவும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தோளில் துண்டோடு, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி உள்ளே வந்தார். தரையைக் காலால் தடவித் தடவி வைத்தார். "எங்க கீற? சொல்லும்மா, எங்க கீற?"

"இன்னும் ரெண்டு அடி, மாமா. வழுக்கும். மெதுவா."

அந்தக் கைகளில் பாப்பாவை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே அவளைத் துண்டில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டார். "கனத்துப்பூட்டாளே" என்றார். திரும்பி, சுவரைத் தோளால் உரசிக்கொண்டே வெளியே போனார். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

மாமா நாளைக்குப் பென்ஷன் விஷயமாகத் திருவள்ளூர் போகிறார், வரச் சாயங்காலம் ஆகும். என் வீட்டுக்காரருக்குப் பகல் ஷிஃப்ட். காதர் பாயிடம் ஒரு கைப்பிடி வைத்துத் தரச் சொல்ல வேண்டும், அவர் வர நாலு நாள் ஆகும். தினமும் ஊற வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நாள் விட்டால் கால் பழையபடி ஏறிக்கொள்ளும். எதிர்வீட்டு அக்காவைத்தான் கேட்க வேண்டும். நல்ல மாதிரி தெரிகிறது, ஆனால் சிரித்ததைத் தவிர அவர்களோடு நான் பேசியதில்லை. எது வேண்டுமானாலும் உன்னிடமே கேட்டுக்கொண்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன், வேறு யாரிடமும் கேட்டுப் பழகவில்லை. என் பிள்ளையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முன்பின் பழகாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்று ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கனம் கையைவிட்டு இறங்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் போய் அந்தக் கதவைத் தட்டுவேன். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் தண்ணீர் திறப்பேன்.